கொடுத்திருத்தல்: ஆங்கில வினையமைப்பு ஒன்றும் அருளின் முன்மையும்

கொடுத்தல் என்னும் வினை நிகழக் கொடுப்பவர், கொடுபொருள், பெறுபவர் ஆகிய மூன்று உறுப்புகளும் வேண்டும் என்பதில் எம்மொழி இலக்கணத்துக்கும் ஐயமில்லை. ஆனால் அம்மூன்றும் வாக்கியத்தில் எவ்வெவ்விடத்தில் நிற்கின்றன, அக்கொடை எந்தக் காலப்புள்ளியிலிருந்து நோக்கப்படுகிறது என்பவற்றை ஒவ்வொரு மொழியும் தன் போக்கில் வகுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இவ்விரு வகுப்புகளும் ஒரே தொடரில் கூடும் இடம், இரண்டு செயப்படுபொருள்களை ஏற்று நிற்கும் இறந்தகால நிறைவு வினையாகும். 'அவன் அவளுக்கு ஒரு மோதிரம் கொடுத்திருந்தான்' என்று தமிழில் சொல்லத்தக்கதை ஆங்கிலம் 'ஹி ஹேட் கிவன் ஹெர் எ ரிங்' என்று அமைக்கும். பயிற்சி ஏட்டில் ஒரு வரியாக எழுதப்பட்டுக் கடந்துபோகும் இவ்வமைப்பு, கிறித்தவச் சமயச் சிந்தனையில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஒரு வழக்கின் உள்வடிவைத் தெளிவாகக் காட்டவல்லது. இறைவனைத் தேடும் செயலை மனிதன் தானே தொடங்குகிறானா, அல்லது அவன் தேடத் தொடங்கிய கணத்தில் தேடும் விருப்பமே அவனுக்குக் கொடுக்கப்பட்டிருந்ததா என்பதே அவ்வழக்கு.

இறந்தகால நிறைவு என்பது நெடுங்காலத்துக்கு முன் நிகழ்ந்ததைக் குறிப்பது என்று கற்போர் பலர் கருதுவதுண்டு, அது பிழை. ஐந்து நிமிடத்துக்கு முன் நடந்ததற்கும் அவ்வினை பொருந்தும். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்ததற்கு அது வேண்டாமலும் போகும். ஹான்ஸ் ரைஹன்பாக் என்னும் மெய்யியலாளர் 1947 இல் வெளியிட்ட குறியீட்டு அளவையியல் நூலில், வினையின் காலத்தை விளக்க இரண்டு புள்ளிகள் போதா, மூன்று வேண்டும் என்று காட்டினார். பேசும் நேரம் ஒன்று, நிகழ்ச்சி நடந்த நேரம் மற்றொன்று, அந்நிகழ்ச்சி எங்கே நின்று நோக்கப்படுகிறதோ அந்த நோக்கு நேரம் மூன்றாவது. எளிய இறந்தகாலத்தில் நிகழ்ச்சியும் நோக்கும் ஒரே புள்ளியில் விழ, நிறைவு இறந்தகாலத்தில் நிகழ்ச்சி முன்னும், நோக்கு அதன் பின்னும், பேச்சு அதற்கும் பின்னுமாக நிற்கின்றன. ஆகவே இவ்வினையைச் சொல்பவர் கடந்த காலத்தில் ஓரிடத்தில் நின்றுகொண்டு அங்கிருந்து மேலும் பின்னோக்குகிறார். நிற்கும் அவ்விடம் சொல்லப்படாவிட்டால் கேட்பவர் அதைத் தேடுவார்.

இரண்டு செயப்படுபொருள் என்னும் மற்றைப் பகுதியில் தமிழும் ஆங்கிலமும் வெகுவாக வேறுபடுகின்றன. தமிழில் பெறுபவரை 'கு' என்னும் நான்காம் வேற்றுமை உருபு காட்டுகிறது. அவ்வேற்றுமையின் பொருள்களை அடுக்கும் நன்னூல் கொடையையே முதலில் வைக்கிறது. உருபு இருப்பதால் சொற்கள் இடம் மாறினாலும் பொருள் மாறுவதில்லை. பெயர்ச்சொற்களில் இத்தகைய உருபை இழந்துவிட்ட ஆங்கிலமோ இடத்தையே உருபாக்கிக்கொண்டது: வினையை அடுத்துப் பெறுபவர், அவரை அடுத்துக் கொடுபொருள். பெறுபவரை 'டு' என்னும் முன்னிடைச்சொல்லோடு சேர்த்து இறுதியில் வைக்கும் இன்னொரு வழியும் உண்டு. ஆனால் இரண்டும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஒரு நகரத்துக்குப் பொதியை அனுப்பியதாகச் சொல்ல முன்னிடைச்சொல் அமைப்பே பொருந்தும். அந்நகரத்தை வினைக்கு அடுத்த இடத்தில் வைத்தால், அது வெறும் இடமாக இல்லாமல் பொதியைப் பெற்று உடைமையாக்கிக்கொள்ளும் ஓர் அலுவலகமோ மக்கள் குழுவோ ஆகிவிடும். இரட்டைச் செயப்படுபொருள் அமைப்பு பொருள் நகர்ந்த வழியைச் சொல்வதில்லை. ஒருவர் உடையவராக ஆனதைச் சொல்கிறது. இதற்கு இன்னும் வலிய சான்று, இரைச்சல் ஒருவனுக்குத் தலைவலியைக் கொடுத்தது என்னும் வகை வாக்கியம். இங்கே ஆங்கிலம் பெரிதும் இரட்டை அமைப்பையே விரும்பும். முன்னிடைச்சொல் அமைப்பு செவிக்கு ஒவ்வாது. இரைச்சலிடம் இருந்த தலைவலி புறப்பட்டுப்போய் அவனிடம் சேரவில்லை என்பதே காரணம்; கொடுத்தது எதையும் இழக்கவில்லை, பெற்றவன் மட்டும் உடையவனானான். இவ்வேறுபாடு பின்னால் பெரிதும் பயன்படும்.

காலமும் இரு பொருளும் கூடும்போது என்ன பிறக்கிறது? மோதிரம் கொடுத்திருந்தான் என்று சொல்லப்படும் நோக்கு நேரத்தில் அவள் கையில் மோதிரம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. இடையில் அது தொலைந்திருக்கலாம், விற்கப்பட்டிருக்கலாம். தொலைக்க முடியாதது ஒன்றே: அவள் பெற்றவள் என்னும் நிலை. அந்நேரத்தில் அவள் எதைச் செய்தாலும், மறுத்தாலும் மறந்தாலும், பெற்றவளாக நின்றே செய்கிறாள். ஆங்கில வரலாறு இதற்கு வியப்பான துணை தருகிறது. நிறைவு வினையைத் தாங்கும் துணைவினை, தொடக்கத்தில் உடைமையைக் குறிக்கும் முதன்மை வினையே. பழைய ஆங்கிலத்தில் ஒருவனைக் 'கட்டப்பட்டவனாக உடையேன்' என்ற முறையில் அமைந்த தொடரிலிருந்து 'கட்டியிருக்கிறேன்' என்னும் பொருள் விளைந்தது. அப்பழந்தொடரில் எச்சச்சொல் செயப்படுபொருளோடு இயைந்து விகுதி பெற்றது. தமிழில் உடைமைக்கென்று அத்தகைய தனி வினை இல்லை. நிறைவைக் காட்ட 'இரு' என்னும் வினையே உதவுகிறது, கொடுத்திருந்தான் என்பதில் கொடை ஒரு நிலையாக இருந்துகொண்டிருக்கிறது. இரு மொழிகளும் வேறு வேறு வாயில் வழியே நுழைந்தாலும், நடந்து முடிந்த ஒன்று பின்வரும் நேரத்தில் ஒரு நிலையாகத் தங்குகிறது என்னும் உண்மையையே அடைகின்றன.

அமெரிக்க மெய்யியலாளர் சார்லஸ் பியர்ஸ் கொடுத்தலை மூவுறுப்பு உறவுக்கு முதன்மையான எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டார். ஒருவர் ஒரு பொருளைத் தம்மைவிட்டு வைக்கிறார், பின்னர் வேறொருவர் அதை எடுக்கிறார் என்று இரண்டு ஈருறுப்பு நிகழ்ச்சிகளாகக் கொடையைப் பிரித்தால் கொடை மறைந்துவிடுகிறது. வழியில் விழுந்த பொருளை ஒருவர் கண்டெடுப்பதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லாமற் போகிறது. விக்டோரியா வெல்பி என்னும் அறிஞருக்கு 1904 இல் எழுதிய கடிதத்தில், கொடையின் உயிர் பொருள் கைமாறுவதில் இல்லை, பெறுபவரை முறைப்படி உடையவராக்குவதில் இருக்கிறது என்று அவர் விளக்கினார். இரட்டை அமைப்பைப் பற்றி இலக்கணம் சொல்வதை அளவையியல் வழியாக அவரும் சொன்னார் எனலாம்.

இக்கருவிகளோடு விவிலியத்தின் ஓரிடத்தை நோக்கலாம். சாமுவேலின் இரண்டாம் நூல் ஏழாம் அதிகாரம், தாவீது அரசன் தன் அரண்மனையில் அமர்ந்திருந்த நிலையோடு தொடங்குகிறது. அந்நேரத்தில் சுற்றியிருந்த பகைவர் எல்லாரிடமிருந்தும் ஆண்டவர் அவனுக்கு ஓய்வு அளித்திருந்தார் என்னும் செய்தி அடுத்து வருகிறது. 1611 இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் பதிப்பு இதை இரு செயப்படுபொருளோடு கூடிய நிறைவு இறந்தகாலமாகவே ஆக்கியது: அவன் என்னும் பெறுபவர், ஓய்வு என்னும் கொடுபொருள், அளித்திருந்த ஆண்டவர். எபிரேயத்தில் நிறைவு இறந்தகாலத்துக்கென்று தனி வடிவம் இல்லை. கதையை முன்னே நடத்தும் வழக்கமான தொடர்வினையை விடுத்து, எழுவாயை முன்னே வைத்து அதன் பின் முற்றுவினையை அமைத்து, இது கதையோட்டத்தின் அடுத்த நிகழ்ச்சி அன்று, முன்னரே நின்ற நிலை என்று அம்மொழி உணர்த்துகிறது. இங்கே மொழிபெயர்ப்பாளர்களுக்கு உறுதியான சான்று இருந்தது. அதற்கு மாறாக, ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் விலங்குகளின் படைப்பைக் கூறுமிடத்தில் எபிரேயம் வழக்கமான தொடர்வினையையே ஆள்கிறது. முதல் அதிகாரத்தின் வரிசையோடு முரண்படாதிருக்கச் சில புதிய ஆங்கிலப் பதிப்புகள் அதை நிறைவு வினையாக்கின. அவ்வாறு கொள்வதற்கு எபிரேயத்தில் ஆதாரம் குறைவு என்பதை எபிரேய மொழியறிஞர் எஸ். ஆர். டிரைவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வாதிட்டிருந்தார். ஒரு துணைவினையைச் சேர்ப்பதால் இரு கதைகளை ஒரு கதையாக்க முயல்வது இலக்கணத்தின் மேல் அது தாங்காத சுமையை ஏற்றுவதாகும்.

தாவீதின் கதையில் அந்தச் சிறு வாக்கியம் அதிகாரம் முழுவதையும் தாங்குகிறது. அரசன் தான் கேதுரு மர மாளிகையில் வாழ, இறைவனின் பேழை திரைச்சீலைக்குள் இருப்பதை எண்ணி, இறைவனுக்கு ஒரு வீடு கட்டித்தர விரும்புகிறான். அவ்விருப்பம் தூயது, நாத்தான் என்னும் இறைவாக்கினரும் முதலில் அதை ஒப்புகிறார். ஆனால் அன்றிரவு வரும் மறுமொழி கொடுப்பவரையும் பெறுபவரையும் இடம் மாற்றிவிடுகிறது: தாவீது இறைவனுக்கு வீடு கட்டப்போவதில்லை, இறைவனே தாவீதுக்கு ஒரு வீட்டை, அதாவது அரச மரபை, உண்டாக்குவார். கொடுக்க எண்ணி எழுந்தவன் அவ்வெண்ணம் எழும் முன்னரே பெற்றவனாக இருந்தான் என்பதை வாசகர் அதிகாரத்தின் முதல் வரியிலேயே அறிந்துவிட்டிருக்கிறார். அரசன்தான் பிறகு அறிகிறான். இதே நிகழ்ச்சியை மீண்டும் சொல்லும் நாளாகமத்தின் முதல் நூல், பதினேழாம் அதிகாரத்தில் ஓய்வைப் பற்றிய வாக்கியத்தை விட்டுவிட்டது குறிப்பிடத்தக்கது. அந்நூல் ஓய்வு என்னும் கொடையைப் பின்னர்ச் சாலொமோனுக்கு உரியதாகக் கூறுகிறது. எது கொடுக்கப்பட்டிருந்தது என்பதைவிட, எவருக்கு எந்நேரத்துக்குள் கொடுக்கப்பட்டிருந்தது என்பது அவ்வாசிரியருக்கு எவ்வளவு முக்கியமாகப் பட்டிருந்தால் ஒரு முழு வாக்கியத்தை அவர் நீக்கியிருப்பார்!

அருளைப் பற்றிய பெருவழக்கு ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகஸ்டின், பெலேஜியஸ் என்னும் இரு கிறித்தவச் சிந்தனையாளர்களுக்கு இடையே மூண்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, ஏறத்தாழ 396 இல், மிலானைச் சேர்ந்த சிம்ப்ளீசியன் கேட்ட கேள்விகளுக்கு விடை எழுதும்போது, பெறாதது என எதுவும் மனிதனிடம் உண்டா என்னும் பவுலின் வினா அகஸ்டினைத் தடுத்து நிறுத்தியது. மனித விருப்பத்தின் சுதந்திரத்தைக் காக்கவே தாம் முயன்றதாகவும், இறையருளே வென்றதாகவும் அவர் முதுமையில் நினைவுகூர்ந்தார். பெலேஜியஸ் அருளை மறுத்தவர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது அவருக்கு நீதி செய்வதாகாது. ஆற்றல், விருப்பம், செயல் என்று அவர் மூன்றைப் பிரித்தார். நன்மை செய்யும் ஆற்றலை இறைவன் மனிதனுக்குக் கொடுத்திருந்தார், விரும்புவதும் செய்வதும் மனிதனுடையவை என்பது அவர் கொள்கை. ஆகவே இருவரும் ஒரே வாக்கியத்தையே சொன்னார்கள். கொடுத்தவர் யார், பெற்றவர் யார், காலம் எது என்பவற்றில் அவர்கள் வேறுபடவில்லை. வேறுபட்டது கொடுபொருள் என்னும் இரண்டாம் செயப்படுபொருளில் மட்டுமே. பெலேஜியஸ் அவ்விடத்தில் ஆற்றலை வைத்தார். அகஸ்டின் விருப்பத்தையே வைத்தார்.

பெலேஜியஸின் அச்சம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. விருப்பமே வெளியிலிருந்து கொடுக்கப்படுமானால், அது எவருடைய விருப்பம்? கொடுத்தவரின் விருப்பம் பெற்றவருக்குள் இயங்குகிறது என்றல்லவா ஆகும், அப்போது புகழும் பழியும் பொருளிழந்து போகாவா என்று அவர் வழி நின்றோர் கேட்டனர். இக்கேள்வி கொடையை ஒரு நகர்வாக, ஓரிடத்தில் இருந்த பொருள் இன்னோரிடத்துக்குச் செல்வதாகக் கற்பனை செய்வதால் எழுகிறது. இரட்டைச் செயப்படுபொருள் அமைப்பு உணர்த்துவதோ வேறு: கொடை முடிவுறுவது பெறுபவரின் உடைமையில், கொடுக்கப்பட்டது பெற்றவருடையதாக ஆகாவிட்டால் கொடுத்தல் நிகழவே இல்லை. கொடுக்கப்பட்ட விருப்பம் கொடுக்கப்பட்டதாலேயே பெற்றவனுடையது. இறைவனின் விருப்பம் குறைந்து மனிதனிடம் சேர்வதில்லை. மனிதன் விரும்புபவனாக ஆகிறான். இவ்வளவில் அகஸ்டின் பக்கமே வலுவுடையது என்று சொல்ல வேண்டும். ஆனால் அவர் எதிர்கொண்ட இன்னொரு கேள்வி, அதாவது ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது இன்னொருவருக்கு ஏன் கொடுக்கப்படவில்லை என்பது, எந்த இலக்கணத்தாலும் இளகுவதில்லை. அகஸ்டினின் விடையும் அங்கே மறைபொருளின் முன் தலைவணங்கி நின்றுவிடுகிறது, வருந்துபவர்க்கு அது போதுவதில்லை.

காலத்தைப் பற்றிய கருத்து வேறுபாடு அடுத்து வந்தது. தென் கல்லியாவில் துறவு மடங்களை நிறுவிய ஜான் காசியன் தமது பதின்மூன்றாம் உரையாடலில், பவுலையும் மத்தேயுவையும் இறைவன் அவர்கள் விரும்பும் முன்னரே இழுத்துக்கொண்டார், ஆனால் சக்கேயுவும் சிலுவையில் தொங்கிய கள்வனும் தாமே முன்வந்தனர் என்று எழுதினார். கொடை சிலரிடத்தில் முந்தியது, சிலரிடத்தில் பிந்தியது என்று கொள்வது இது; நிறைவு வினை சிலருக்கு மட்டுமே பொருந்தும், பிறருக்கு எளிய இறந்தகாலமே போதும் என்பதுபோல. 529 இல் ஆர்லெஸ் ஆயர் சிசேரியஸ் தலைமையில் ஒராஞ்சு நகரில் கூடிய சங்கம் இதை ஏற்கவில்லை. நம்பிக்கையின் தொடக்கமும்கூட அருளின் கொடையே என்று அது முடிவு செய்தது. மனிதச் செயலுக்கு முன்னே வந்து நிற்பதால் இதற்கு முந்தும் அருள் என்று பெயர். பிற்காலத்தில், 1618-19 இல் டோர்ட் நகரில் நடந்த சங்கத்திலும், அதன் முடிவை ஏற்காத ஜான் வெஸ்லியின் போதனையிலும், வழக்கு பெறுபவர் என்னும் முதற் செயப்படுபொருளுக்கு நகர்ந்தது: தெரிந்துகொள்ளப்பட்டவர்க்கு மட்டுமா, எல்லா மாந்தர்க்குமா?

பெறுபவர் என்னும் அவ்விடத்தில் இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. எந்தக் கொடைக்கும் பெறுபவர் முன்னரே இருந்தாக வேண்டும் என்று இலக்கணம் கருதுகிறது. பாட்டி பேரனுக்குப் பலகாரம் செய்து கொடுக்கும்போது பலகாரம் புதிதாக உண்டாகலாம், பேரன் புதிதாக உண்டாவதில்லை. ஆனால் இறைவன் மனிதனுக்கு உயிர்ப்பைக் கொடுத்திருந்தார், இருப்பைக் கொடுத்திருந்தார் என்று சமய மொழி தயங்காமல் சொல்கிறது. இருப்பைப் பெறும் முன் பெறுபவர் எங்கே இருந்தார்? தாமஸ் அக்குவினாஸ் இதை நேராக எதிர்கொண்டார். படைப்பு என்பது மாற்றம் அன்று, ஏனெனில் மாற்றத்துக்கு மாறும் ஒன்று முன்னதாக வேண்டும், படைப்புக்கு அவ்வாறு எதுவும் வேண்டாம் என்பது அவர் நிலை. இறையாற்றலைப் பற்றிய விவாதங்களில் அவர் தரும் விடை, இருப்பைக் கொடுக்கும் அதே செயலில் அவ்விருப்பைப் பெறுவதையும் இறைவன் உண்டாக்குகிறார் என்பதாகும். இங்கே இரு செயப்படுபொருள்களும் ஒரே கொடையின் விளைவுகளாகின்றன. வாக்கியத்தின் வடிவம் அப்படியே நிற்க, அதன் அடியில் உள்ள அனுமானம் முழுவதும் விலகிப்போகிறது. சமய மொழி அன்றாட மொழியை மீறும் இடம் புதுச் சொற்களை ஆக்குவதில் இல்லை. பழைய அமைப்பை அது தாங்கக்கூடிய எல்லைவரை நீட்டுவதில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பதரிது.

காலத்திலும் அத்தகைய எல்லை உண்டு. அகஸ்டின் தம் அறிக்கைகள் நூலின் பதினோராம் பகுதியிலும், போயிதியஸ் மெய்யியலின் ஆறுதல் என்னும் நூலின் ஐந்தாம் பகுதியிலும் விளக்குவதுபோல, இறைவனின் நிலைபேற்றில் முன்னும் பின்னும் இல்லை. அப்படியானால் இறைவன் கொடுத்திருந்தார் என்பதில் உள்ள முன்மை யாருடைய காலத்தில் அளக்கப்படுகிறது? நோக்கு நேரம் எப்போதும் பெறுபவருடையதே என்பது இதற்கு விடையாகலாம். தாவீது அரண்மனையில் அமர்ந்த நேரம், அகஸ்டின் மனந்திரும்பிய நேரம், ஒருவன் செபிக்க வாய் திறக்கும் நேரம் என அப்புள்ளி மனிதனின் நாளில் விழுகிறது. அங்கிருந்து திரும்பிப் பார்ப்பவனுக்குக் கொடை முன்னதாகத் தெரிகிறது. மேலும் அருளின் முன்மை, கடிகாரத்தில் அளக்கத்தக்க முன்மையாக இருக்க வேண்டியதில்லை; சுடர் எரியும் அதே கணத்தில் ஒளி பரவினாலும் சுடரே ஒளிக்குக் காரணமாவது போன்ற முன்மையாகவும் அது இருக்கலாம். வினைவடிவம் காலமுன்மையையே காட்டவல்லது. காரணமுன்மையைக் காட்ட அதற்கு வழியில்லாததால் அதையும் காலமாகவே சொல்லிவிடுகிறது.

ஆங்கிலத்தின் இரட்டை அமைப்புக்கு இன்னொரு தனித்திறன் உண்டு. செயப்பாட்டு வினையாக்கும்போது கொடுபொருளை மட்டுமன்றிப் பெறுபவரையும் அது எழுவாயாக்கும். தமிழில் பெறுபவர் நான்காம் வேற்றுமையிலேயே நிற்க, ஆங்கிலத்தில் அவரே வாக்கியத்தின் தலைமையை ஏற்றுக்கொண்டு கொடுத்தவரின் பெயரைச் சொல்லாமலே விடலாம். கொடுத்தவரைச் சொல்லாது விடும் வழக்கம் நற்செய்தி நூல்களின் கிரேக்கத்திலும் உண்டு. கொடுக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் கூறி, கொடுத்தவர் இறைவன் என்பதைக் கேட்பவர் உணர விடுவது யூதரின் பக்தி மரபைச் சேர்ந்தது என்று அறிஞர் கருதுவர். யோவான் நற்செய்தியின் பத்தொன்பதாம் அதிகாரத்தில் அவ்வழக்கம் நிறைவு இறந்தகாலத்தோடு கூடுகிறது. விடுவிக்கவும் சிலுவையில் அறையவும் தனக்கு அதிகாரம் உண்டு என்று பிலாத்து நிகழ்காலத்தில் சொல்ல, மேலிருந்து அவனுக்குக் கொடுக்கப்பட்டிராவிட்டால் அவனுக்கு எந்த அதிகாரமும் இராது என்று இயேசு மறுமொழி கூறுகிறார். கிரேக்கமே அங்கே இருத்தல் வினையையும் நிறைவு எச்சத்தையும் சேர்த்து இறந்தகால நிறைவை அமைக்கிறது. பெறுபவர் நான்காம் வேற்றுமையில் தெளிவாக நிற்கிறார், கொடுத்தவர் பெயர் இல்லை. கொடுபொருளும் முழுத் தெளிவோடு இல்லை என்பதே இங்கே நுட்பம்: அதிகாரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் பெண்பால், ஆனால் கொடுக்கப்பட்டது என்னும் எச்சமோ அஃறிணை ஒருமைக்கு ஒப்பான பொதுப்பாலில் நிற்கிறது. எனவே கொடுக்கப்பட்டிருந்தது பதவியோடு வந்த அதிகாரம் மட்டும்தானா, அன்று காலை அந்த மன்றத்தில் அந்தக் கைதியின்மேல் அதைச் செலுத்த நேர்ந்த முழு நிலைமையுமா என்பதை உரைகாரர்கள் இன்றும் ஆராய்கின்றனர்; பிலாத்துவோ அச்சொல்லைக் கேட்டபின் அவரை விடுவிக்க வழி தேடினான் என்று அடுத்த வசனம் கூறுகிறது.